தட்டிப் பார்ப்பவர்

உறிஞ்சுகுழாய் பிடிப்பது என் வேலை.
பதினோரு வருடமாக சொல்நோக் நகரத்தின் எச்சில்
என் கைவழியே ஓடி
டிசா ஆற்றுக்குச் சற்று முன்னால் எங்கோ சேர்கிறது.

வெண்டெல் ஹோர்காய் வந்தது மே மாதத்தில்.
மேல்தாடையில் ஒரு பல்கூட இல்லை.
கழற்றிய பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப்
பையில் வைத்திருந்தார்,
சண்டை போட்ட உறவுக்காரனைக்
கூட்டிக்கொண்டு வந்ததுபோல.

"கசகசா" என்றார்.
மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.
கிறிஸ்துமஸுக்குக் கசகசா இல்லாத வீடு இங்கே கிடையாது.
பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரே ஒரு மணி போதும்,
ஒரு மனிதன் விருந்தைவிட்டு எழுந்துபோய்
குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ள.

பல் போனால் சொல் போச்சு.
இவருக்கு முதலில் போனது சொந்த ஊரின் பெயர்.
ஃபொல்நோக் என்றார்,
முகவரி எழுதிக்கொண்டிருந்த என்னிடம்.
நான் நிமிரவில்லை.

ஆறு டைட்டானியம் திருகுகள்.
நான்குக்குப் பன்னோனியா மோட்டார் சைக்கிள் போயிற்று,
மிச்சம் இரண்டுக்கு
தனியாக விலைபேசிய சைடுகார்.
எனிக்கோ டாக்டர் துளையிடும்போது
அவர் கண்ணை மூடவில்லை,
கூரையில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பத்து தரம் சொல்லியும் வீட்டுக்காரர் பூசித்தராத விரிசல்.

பிறகு காத்திருப்பு.
எலும்புக்கு அவசரம் தெரியாது.
வந்திறங்கிய உலோகத்தைச் சுற்றிச்சுற்றி முகர்ந்து
ஒருநாள் போனால் போகிறதென்று
பக்கத்தில் படுக்கவிடும்.
அதுவரை தற்காலிகப் பல், பூசணிக்கூழ், பால்சோறு.
எதிரே மனைவி பிரோஷ்கா
இருபத்தொன்பது சொந்தப் பற்களோடு
பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியைக்
கடித்தாளாம்,
"வேணும்னுதான்."

அக்டோபர். தற்காலிகப் பல்லைக் கழற்றிவிட்டு
டாக்டர் கண்ணாடிக் கரண்டியைத் திருப்பிப் பிடித்துக்
காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.
ணங்.
ணங்.
ணங். ணங்.
ஐந்து.
ஆறாவது, ணங்.
டாக்டர் "நல்லது" என்று வாயெடுப்பதற்குள்
கிழவரின் கை உயர்ந்துவிட்டது.
என் குழாய் வாய்க்குள்ளே இருக்க
ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.
பிறகு நெஞ்சில் கிடந்த காகித ஏப்ரனில்
நகத்தால் ஒரு பெருக்கல் குறி.

முப்பத்துமூன்று வருடம் ரயில்வேயில் அதுதான் தொழில்:
நள்ளிரவில், பனியில், நீளக்காம்புச் சுத்தியலோடு
நின்ற வண்டியின் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடப்பது.
பாடினால் போகலாம்.
இருமினால் சாக்கட்டியால் குறி போட்டு
பெட்டியைக் கழற்று.
மிச்ச ரயில் கிளம்பட்டும்,
உள்ளே தூங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

எக்ஸ்ரே எடுத்தோம்.
ஐந்தாவதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு,
தலைமுடி ஒன்று ஒட்டியதுபோல.
நான் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன்.
கோடு அங்கேயே இருந்தது.

பிடுங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
கையில் கொடுங்கள் என்றார்.
கழுவிக் கொடுத்தேன்.
எஃகுத் தட்டின் விளிம்பில் தட்டி
காதருகே கொண்டுபோனார்.
"இதில் குற்றமில்லை" என்றார்.
தாடையைத் தடவி, "இதிலும்தான்."
டாக்டர் ஏதோ சொல்ல வந்து
கையுறையைக் கழற்றினார்.

ஐந்து போதும் என்று முடிவாயிற்று.
டிசம்பர் பாதியில் முழு வரிசையும் ஏறியது.
கண்ணாடியைக் கொடுத்தேன்.
அவர் பார்க்கவில்லை. கீழ்ப்பல்லை மேல்பல்லோடு
இரண்டு தரம் மோதவிட்டுத்
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
பிறகு, யாரையும் பார்க்காமல்,
பிளாட்பார அறிவிப்பின் குரலில்:
"சொல்நோக். சொல்நோக்.
வண்டி ஏழு நிமிடம் நிற்கும்."

போன வாரம் பிரோஷ்கா கிளினிக் வந்து
ஒரு கசகசா ரோல் வைத்துவிட்டுப் போனாள்.
அவர் ஒரே மூச்சில் நான்கு துண்டு தின்றாராம்.
நான் இரண்டு.
மதியம் முழுக்க முகமூடிக்குள்
என் சொந்தக் கடைவாய்ப் பல்லில் சிக்கிய ஒரு மணியை
நாக்கால் தட்டிக்கொண்டே
அடுத்தவர் வாயில் குழாயைப் பிடித்திருந்தேன்.